கடல்கடந்த கல்வி

நுழையும்முன்

மேல்நிலைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வுத் தரவரிசையுமே உயர்கல்வியின் வாயிலைத் திறக்கும் என்பது நாம் பழகிய நடைமுறை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாயில் வேறு வகையில் அமைந்துள்ளது. அங்கு இளநிலைப் பட்டம் பயில விரும்பும் அயல்நாட்டு மாணவர் தம்மைப் பற்றியும் தம் குடும்பத்தின் பொருள்நிலை பற்றியும் எழுத்தில் எடுத்துரைக்க வேண்டும். அவ்விரு கூற்றுகளும் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மடல் திறந்த வாயில்

1883ஆம் ஆண்டு கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா சென்ற 18 வயது ஆனந்திபாய் ஜோஷி, பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டி மடலொன்று எழுதினார். சேர்க்கைக்குரிய தகுதிகள் அனைத்தும் தமக்கு இல்லாதிருக்கலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. மருத்துவ உதவி கிட்டாமல் துன்புறும் இந்தியப் பெண்களுக்குப் பணியாற்றுவதே தம் நோக்கம் எனத் தெளிவுபட எழுதினார். கல்லூரி அவரை ஏற்றது. 1886இல் மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவரானார்.

1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகையே அவரை அங்குக் கொண்டுசேர்த்தது. படிப்பு முடிந்தபின் அவ்வரசில் பணியாற்ற வேண்டும் என்னும் ஒப்பந்தமும் அவ்வுதவியோடு இணைந்திருந்தது.

நோக்கத்தை உரைத்த மடலும் செலவைத் தாங்கிய உதவித்தொகையும் இன்றும் அமெரிக்கக் கல்விக்கான இரு தூண்களாக உள்ளன. 2023–24ஆம் கல்வியாண்டில் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் இடம்பெற்றிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். இவர்களுள் இளநிலை பயின்றோர் ஏறத்தாழ 36,000 பேரே. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் செல்வோர் இவ்வளவு குறைவாக இருப்பதற்குச் செலவு ஒரு காரணம். நடைமுறைகளை உரிய காலத்தில் அறியாமை மற்றொரு காரணம்.

பொதுத் தரவரிசை இல்லாத நாடு

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரே தரவரிசைப் பட்டியலும் ஒரே கலந்தாய்வும் உண்டு. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான அத்தகைய அமைப்பு இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 1636இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள், மாநில அரசுகளின் பெரும் பல்கலைக்கழகங்கள், இளநிலைக் கல்வியையே முதன்மையாகக் கொண்ட சிறிய கலை அறிவியல் கல்லூரிகள், ஈராண்டுப் படிப்பை வழங்கும் சமுதாயக் கல்லூரிகள் எனப் பல வகை நிறுவனங்கள் அங்கு உள்ளன. பலவற்றில் சேரும்போதே பாடப்பிரிவை உறுதிசெய்ய வேண்டியதில்லை. இயற்பியல் கற்க எண்ணிச் சென்றவர் ஈராண்டுகளுக்குப் பின் பொருளியலை முதன்மைப் பாடமாகக் கொள்ளவும் இயலும்.

விண்ணப்பிப்பதை எளிதாக்கும் பொருட்டு 1975இல் 15 கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை உருவாக்கின. ‘காமன் அப்ளிகேஷன்’ எனப்படும் அதனை இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஏற்கின்றன. படிவம் பொதுவானதே ஆயினும் முடிவு ஒவ்வொரு கல்லூரிக்கும் உரியது. ஒரு கல்லூரி மறுத்த மாணவரை மற்றொரு கல்லூரி உதவித்தொகையுடன் அழைப்பதும் உண்டு.

விண்ணப்பத்தின் உறுப்புகள்

முதல் உறுப்பு மதிப்பெண் பட்டியல். ஒன்பதாம் வகுப்பு முதலான நான்கு ஆண்டு மதிப்பெண்களும் கேட்கப்படும். விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்போது பன்னிரண்டாம் வகுப்பின் பொதுத்தேர்வு முடிவு வெளிவந்திராது. எனவே, தேர்வாளர் காணும் கடைசி முழு ஆண்டு மதிப்பெண் பதினொன்றாம் வகுப்பினுடையதே. ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இவ்வகுப்பைக் கடத்துவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தேர்வுகள். ஆங்கிலத் திறனைக் காட்ட டோஃபல், ஐஇஎல்டிஎஸ் முதலான தேர்வுகளுள் ஒன்று பெரும்பாலும் தேவைப்படும். 1600 மதிப்பெண்களுக்கான சாட் தேர்வைப் பொறுத்தவரை கல்லூரிகளிடையே ஒருமித்த நடைமுறை இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமாகிய எம்ஐடி அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. கலிபோர்னியா பல்கலைக்கழகமான யூசி, சேர்க்கை முடிவில் அதனைக் கருத்தில் கொள்வதே இல்லை. வேறு பல கல்லூரிகள் மாணவரின் விருப்பத்திற்கு விட்டுள்ளன.

மூன்றாவது செயல்பாடுகள். பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். விளையாட்டுக் கோப்பைகளும் போட்டிப் பரிசுகளும் மட்டுமே இதில் இடம்பெறும் எனப் பலர் எண்ணுகின்றனர். குடும்பப் பொறுப்பும் ஊதியத்திற்குச் செய்த வேலையும் அப்பட்டியலிலேயே தனி வகைகளாக உள்ளன. மாலைதோறும் தந்தையின் தேநீர்க்கடையில் கணக்கெழுதும் மாணவரும், தாய் வேலைக்குச் செல்ல இளையோரைப் பேணும் மாணவியும் அப்பொழுதுகளை வாரத்திற்கு இத்தனை மணிநேரம் என்று எழுதலாம். அவை விண்ணப்பத்தில் மதிப்புடையவை.

நான்காவது பரிந்துரை மடல்கள். நம் பள்ளிகளில் வழங்கப்படும் நன்னடத்தைச் சான்றிலிருந்து இவை வேறுபட்டவை. ‘ஒழுக்கமுடையவர், நன்கு படிப்பவர்’ என்னும் பொதுவுரை எந்த மாணவரையும் அடையாளம் காட்டாது. வேதியியல் ஆய்வகத்தில் எதிர்பார்த்த முடிவு கிடைக்காதபோது, மாணவர் அதனை மூன்று முறை மீண்டும் செய்து காரணத்தைக் கண்டறிந்தார் என ஆசிரியர் எழுதும் ஒரு நிகழ்வு அவரைக் கண்முன் நிறுத்தும். ஆதலின், தம்மை நன்கறிந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டும். மடலை எழுதி அனுப்பும் பொறுப்பு ஆசிரியருக்கே உரியது.

தன்னை எழுதுதல்

ஐந்தாவது உறுப்பான கட்டுரையே மாணவரின் குரல் நேராக ஒலிக்கும் இடம். பொது விண்ணப்பக் கட்டுரையின் எல்லை 650 சொற்கள். அரிய சாதனையையோ பெருந்துயரையோதான் எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு மாணவர் எதனைக் கூர்ந்து நோக்குகிறார், எதனைக் கேள்விக்குள்ளாக்குகிறார், ஒரு கருத்தை எவ்வாறு மாற்றிக்கொண்டார் என்பவற்றையே தேர்வாளர் தேடுகிறார்.

‘நான் சமூகப்பணியில் ஆர்வமுடையவன்’ என்பது வெறும் கூற்று. தெருக்குழாயில் எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் வந்தது என மூன்று மாதங்கள் குறித்துவைத்து, அக்குறிப்புடன் ஊராட்சி அலுவலகம் சென்றதாகக் கொள்வோம். அதனை எழுதினால், ஆர்வம் என்ற சொல்லே தேவைப்படாது. செயலே அதனைக் கூறிவிடும்.

பொருள் கொடுத்துப் பிறரைக் கொண்டு கட்டுரை எழுதுவிப்பதும், செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தமதென அனுப்புவதும் பொது விண்ணப்ப விதிகளின்படி மோசடியாகும். எழுதியவை யாவும் உண்மை, தமக்கே உரியவை என்று மாணவர் உறுதிமொழி அளிக்கிறார். பொய் வெளிப்பட்டால் கிடைத்த இடமும் பறிபோகும். ஆசிரியர் படித்துக் கருத்துரைப்பது தகும். மாணவரின் குரலை மாற்றுவது தகாது.

பொருளும் கல்வியும்

நம் மாணவர் பலர் பின்வாங்குவது கட்டணத்தைக் கண்டே. அறிவிக்கப்பட்ட கட்டணமும் ஒரு குடும்பம் உண்மையில் செலுத்தும் தொகையும் வேறுபடக்கூடும் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பல்கலைக்கழகத்தில் தங்குமிடம், உணவு உட்பட ஆண்டுச் செலவு 80,000 டாலர் எனக் கொள்வோம். குடும்பத்தால் 4,000 டாலர் இயலும் என அது மதிப்பிட்டால், எஞ்சிய 76,000 டாலரே மாணவரின் தேவை. தேவை முழுவதையும் நிறைவுசெய்யும் கொள்கையுடைய நிறுவனம் அதனை ஈடுசெய்யும். மற்றொரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 55,000 டாலர். பாராட்டி வழங்கும் உதவித்தொகை 20,000 டாலர். பரிசுபோல் தோன்றும் இதனை ஏற்றால் குடும்பம் ஆண்டுதோறும் 35,000 டாலர் திரட்ட வேண்டும். கட்டணம் குறைந்த கல்லூரியே அக்குடும்பத்திற்குச் செலவு மிகுந்ததாகிறது.

உதவித்தொகை அளிக்கும் முறையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். அயல்நாட்டு மாணவரின் பொருள்நிலையைக் கருதாமலே சேர்க்கையை முடிவு செய்து, சேர்க்கப்பட்டவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்யும் நிறுவனங்கள் சிலவே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றில் விண்ணப்பிக்கும் நூறு பேருள் பத்துக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. வேறு பல கல்லூரிகள், உதவி கேட்பவரா என்பதையும் நோக்கியே சேர்க்கையை முடிவு செய்கின்றன. யூசி அயல்நாட்டு இளநிலை மாணவருக்குத் தேவை சார்ந்த உதவி வழங்குவதில்லை. அமெரிக்க நடுவண் அரசின் மாணவர் உதவியும் பொதுவாக இவர்களுக்குக் கிட்டாது. ஆகவே, ‘இக்கல்லூரி அயல்நாட்டு இளநிலை மாணவருக்கு எவ்வளவு உதவி செய்கிறது?’ என்பதே பட்டியலிடும்போது எழுப்ப வேண்டிய முதல் வினா.

உதவி வேண்டுவோர், சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு கேட்டால் ஏற்காத கல்லூரிகள் பல. குடும்ப வருமானம், சொத்து, கடன் முதலியவற்றைச் சான்றுகளுடன் காட்ட வேண்டும். வருமானத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதுதல் கூடாது. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 50 முதல் 90 டாலர் வரை இருக்கும். செலுத்த இயலாதோர் பல கல்லூரிகளில் விலக்குக் கோரலாம்.

தெரிந்து தெளிவோம்

காலநிரல்
பதினொன்றாம் வகுப்பு: கல்லூரிப் பட்டியல், தேர்வுகளுக்கான ஆயத்தம்.
பன்னிரண்டாம் வகுப்பு, ஆகஸ்டு 1: பொது விண்ணப்பம் திறக்கப்படுதல்.
நவம்பர் தொடக்கம்: முன்னதாக விண்ணப்பிப்போருக்கான இறுதிநாள்.
சனவரித் தொடக்கம்: பொதுவான இறுதிநாள்.
மார்ச்சு இறுதி: முடிவுகள்.
மே 1: சேரும் கல்லூரிக்கு இசைவு தெரிவித்தல்.
ஆகஸ்டு, செப்டம்பர்: வகுப்புகள் தொடக்கம்.

முன்னதாக விண்ணப்பிக்கும் முறைகளுள் ‘எர்லி டிசிஷன்’ என்பது மாணவரைக் கட்டுப்படுத்துவது. இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும். அளிக்கப்படும் உதவி போதாதபோது விலக அனுமதி உண்டு. எனினும் பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இம்முறையில் இல்லை.

இடம் கிடைத்த பின்

இடம் உறுதியானதும் ஓராண்டுச் செலவுக்கான பொருள் எங்கிருந்து வரும் என்பதற்குச் சான்று காட்டிக் கல்லூரியிடமிருந்து ஐ-20 படிவம் பெற வேண்டும். கல்லூரி அளிக்கும் உதவித்தொகையும் இச்சான்றில் சேரும். அதன்பின் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் உள்ளது. விசா விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. எனவே, முந்தைய ஆண்டு சென்றவர் கூறியதோடு நில்லாமல், அவ்வப்போதைய அரசு அறிவிப்பையும் காண வேண்டும்.

வழிகாட்டும் முகவர்களுள் சிலர், மாணவரைச் சேர்ப்பதற்காகக் கல்லூரிகளிடமிருந்தே தரகு பெறுகின்றனர். அவர்கள் பரிந்துரைக்கும் கல்லூரி மாணவருக்கு உகந்ததாகவே இருக்கும் என உறுதி கூற இயலாது. அமெரிக்க அரசு சார்ந்த ‘எஜுகேஷன்யுஎஸ்ஏ’ ஆலோசனை அமைப்பிடம் அடிப்படைத் தகவல்களைக் கட்டணமின்றிப் பெறலாம்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் இடம் கிடைக்காமல் போகலாம். இடம் கிடைத்தும் உதவி போதாமல் போகலாம். கடன்சுமையில் குடும்பத்தை ஆழ்த்தும் அழைப்பை மறுப்பது தோல்வியன்று. இங்கே பட்டம் பெற்று, முதுநிலைக்கோ ஆய்வுக்கோ அங்குச் செல்லும் வழி திறந்தே உள்ளது. ஏ.கே. இராமானுசன் இந்தியாவில் பயின்று ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே, 1959இல் ஃபுல்பிரைட் உதவியுடன் இந்தியானா பல்கலைக்கழகம் சென்றார். பின்னாளில் சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் வழங்கினார். வாயில் எதுவாயினும், தன் நோக்கத்தையும் நிலைமையையும் உள்ளவாறு அறிந்து எழுதும் மாணவரே உரிய இடத்தை அடைகிறார்.

கலைச்சொல் அறிவோம்

தேவை நோக்காச் சேர்க்கை – நீட் பிளைண்ட் அட்மிஷன்
தேவை நோக்கும் சேர்க்கை – நீட் அவேர் அட்மிஷன்
பரிந்துரை மடல் – லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன்
கட்டண விலக்கு – ஃபீ வெய்வர்

கற்பவை கற்றபின்...

1. கடந்த ஓராண்டில் பள்ளியிலும் வீட்டிலும் நீங்கள் செய்த பத்துச் செயல்களை, வாரத்திற்கு எத்தனை மணிநேரம் என்னும் குறிப்புடன் பட்டியலிடுக.
2. ‘நான் கருத்தை மாற்றிக்கொண்ட ஒரு தருணம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி, ஆசிரியரிடம் காட்டிக் கருத்துப் பெறுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. பொது விண்ணப்பம் உருவாக்கப்பட்ட ஆண்டு
அ) 1883 ஆ) 1913 இ) 1959 ஈ) 1975

குறுவினா
1. பரிந்துரை மடல் நன்னடத்தைச் சான்றிலிருந்து வேறுபடுவது எவ்வாறு?
2. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் சேர்க்கையில் முதன்மை பெறுவது ஏன்?

சிறுவினா
1. கட்டணம் குறைந்த கல்லூரி செலவு மிகுந்ததாகும் சூழலைக் கணக்கிட்டு விளக்குக.

நெடுவினா
1. ‘தன்னைப் பற்றிய உண்மையும் பொருள்நிலை பற்றிய உண்மையும் கடல்கடந்த கல்வியின் இரு தூண்கள்’ – இக்கூற்றை நிறுவுக.