குழியிலிருந்து பின்னோக்கி: விடுமுறையில் கற்ற கோல்ஃப்

இந்த முறை கோல்ஃப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் எங்கள் வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். "அது பணக்காரன் விளையாட்டுடா, நமக்கு எதுக்கு?" என்றான் என் பக்கத்து பெஞ்ச் நண்பன். நியாயமான கேள்விதான். அதற்கும் கீழே பதில் உண்டு. பொறுமையாகப் படிக்கவும்.

மே மாதம் முழுக்க நான் கொடைக்கானலில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். சித்தப்பா அங்கே கோல்ஃப் மைதானத்தில் கேடி. போலீஸ் தேடுகிற கேடி இல்லை! ஆட்டக்காரரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளம் எல்லாம் கூடவே நடந்து, இந்த இடத்தில் இந்த ஸ்டிக் எடுங்க, பந்து இந்தப் பக்கம் சாயும் என்று சொல்பவருக்குப் பெயர்தான் கேடி. பில்லர் ராக்ஸ் போகிற வழியில் நீங்களும் அந்தப் பச்சை மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கோல்ஃப் கழகம் தொடங்கியது 1895-இல். இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தது அதற்கும் முன்னால். கல்கத்தாவில் 1829-லேயே கழகம் வைத்துவிட்டார்கள்.

முதலில் ஆட்டம் என்ன என்று பார்ப்போம். ஓரிடத்தில் பந்தை வைத்து அடிக்கிறோம். நூறு மீட்டரிலிருந்து ஐநூறு மீட்டர் வரை தள்ளி ஒரு குழி இருக்கும். எத்தனை அடியில் பந்து குழிக்குள் போகிறதோ அதுதான் நம் கணக்கு. குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தவர். இப்படி 18 குழிகள். ஏன் 18? ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் ஒரு சுற்றுக்கு 22 குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். 1764-இல் சின்னச் சின்னக் குழிகளைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

தொடங்கும் இடம் 'டீ'. நடுவில் வெட்டிய புல் 'ஃபேர்வே'. இரண்டு பக்கமும் வளர விட்ட புல் 'ரஃப்'. மணல் பள்ளம் 'பங்கர்'. கடைசியில் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை 'கிரீன்'. அதில்தான் குழியும் கொடியும் இருக்கும். குழியின் விட்டம் 108 மி.மீ. பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. டென்னிஸ் பந்தைவிடவும் எடை குறைவு. ஆனால் கல் மாதிரி இருக்கும். அதனால்தான் பந்து யார் பக்கமாவது போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும். கத்தாமல் இருப்பதுதான் மைதானத்தில் பெரிய மரியாதைக் குறைவு.

ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு எழுதியிருப்பார்கள். அதற்குப் பெயர் 'பார்'. நன்றாக ஆடுபவர் எடுக்க வேண்டிய அடி. கிட்டத்துக் குழிக்கு 3, தூரத்துக் குழிக்கு 4 அல்லது 5. ஒன்று குறைத்து முடித்தால் 'பேர்டி', இரண்டு குறைத்தால் 'ஈகிள்', ஒன்று கூடினால் 'போகி'. நம் ஊர் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் போன முதல் நாளே ஓங்கி அடிக்கத்தான் ஆசைப்பட்டேன். டிவியில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! சித்தப்பா சிரித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். "பார்ல ஒவ்வொரு குழிக்கும் கிரீன்ல ரெண்டு அடின்னு சேத்துதான் போட்டிருக்காங்க. பதினெட்டு குழிக்கு எத்தன?" முப்பத்தாறு. "மொத்த பார் பெரும்பாலும் எழுபத்திரண்டு. அப்ப பாதி ஆட்டம் எங்க இருக்கு? தரையில உருட்டுறதுல. அத விட்டுட்டு வானத்தப் பாத்து அடிக்கணும்ங்கற." எனக்குப் பேச்சு வரவில்லை.

அதனால் எங்கள் பாடம் குழியில் தொடங்கிப் பின்னோக்கிப் போனது. முதலில் குழிப் பக்கம், பிறகு கிரீனுக்கு வெளியே, கடைசியாகத்தான் தூர அடி. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் சரியான வரிசை என்று நானும் இப்போது அடித்துச் சொல்வேன்.

உருட்டுகிற ஸ்டிக்கின் பெயர் 'பட்டர்'. (வெண்ணெய் இல்லை!) வீட்டு முற்றத்தில் சித்தியின் காபி டம்ளரைப் படுக்க வைத்து, மூன்று அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டச் சொன்னார். பத்துக்குப் பத்து விழுந்தால் ஓரடி பின்னால் போகலாம். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. மணிக்கட்டை ஆட்டக் கூடாது. தோள் இரண்டும் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும், கையும் ஸ்டிக்கும் அதோடு சேர்ந்து போக வேண்டும். தூரம் போக வேண்டுமென்றால் வேகமாக அடிப்பதில்லை, ஊஞ்சலை நீளமாக ஆட்ட வேண்டும். இது நான்கு நாளில் பிடிபட்டது.

பிடிபடாதது சரிவு. கிரீன் சமதரை மாதிரி தெரியும், ஆனால் இருக்காது. பந்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். "இங்க ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடும்? பந்தும் அந்தப் பக்கம்தான் போகும்" என்பார் சித்தப்பா. மலையில் இன்னொரு வம்பு. சுற்றிலும் மலை சாய்ந்திருப்பதால் கண் ஏமாற்றிவிடும், மேடு பள்ளமாகத் தெரியும். "கண்ண நம்பாத, பாதத்த நம்பு" என்று நடக்கச் சொன்னார். நடந்து பார்த்தால் எந்தக் காலில் பாரம் விழுகிறது என்று உண்மையிலேயே தெரிகிறது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கோலியையும் கிட்டிப்புள்ளையும் ஒண்ணாச் சேத்தா இதானே!" என்றது. யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

கிரீனுக்குக் கொஞ்சம் வெளியே இருந்து அடிப்பது 'சிப்'. கால்களை நெருக்கி வைத்து, இடது காலில் பாரம் கொடுத்து, சின்னதாக அடிப்பது. பந்து கொஞ்சம் பறந்து நிறைய உருள வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, பழக்கம்தான்.

இனி தூர அடி. கிரிக்கெட் ஆடுபவர்களுக்குப் பிடி எளிது. வலது கைக்காரர் என்றால் இடது கை மேலே, வலது கை கீழே. பத்து விரலும் படும்படி பிடிக்கலாம், அல்லது வலது சுண்டுவிரலை இடது கை மேல் ஏற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சைக்கிளில் பிரேக் அடிக்கிற பிடி வேண்டாம், காலி ரோட்டில் ஹேண்டில்பாரைச் சும்மா பிடித்துக்கொண்டு போகிற பிடி போதும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியை லேசாகத் தளர்த்தி, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். முதுகு வளையக் கூடாது. அப்புறம் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டவாளத்தில் பந்தும் இலக்கும், இன்னொன்றில் நம் இரண்டு கால் நுனிகள்.

வீசுவது கையால் இல்லை. உடம்பு வலப்பக்கம் திரும்பி, பிறகு இடப்பக்கம் திரும்பும். கை அதன் பின்னால் வரும். அடித்து முடித்ததும் பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும். பந்து மேலே எழும்ப வேண்டுமே என்று கீழிருந்து அள்ளுவது எல்லாருக்கும் வருகிற ஆசை. அள்ளவே கூடாது. ஸ்டிக்கின் முகமே சாய்வாகத்தான் செய்திருக்கிறார்கள், தூக்கிவிடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நாம் கீழ்நோக்கி வரும் வீச்சில் பந்தைத் தொட்டால் போதும். ஒரு பையில் 14 ஸ்டிக் வரை வைக்கலாம் என்பது விதி. சித்தப்பா வீட்டில் ஆட்டக்காரர்கள் கொடுத்த பழசு மூன்றுதான் இருந்தது. பட்டர், ஏழாம் நம்பர் அயர்ன், ஒரு வெட்ஜ். கற்க அது தாராளம். ஏழாம் நம்பரில் முதல் நாள் பத்தில் மூன்று பந்து எழும்பியது. இருபதாம் நாள் ஏழு.

இப்போது பதினோராம் வகுப்பு நண்பர்களுக்கு. எறிபொருள் பாடத்தில் 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்று படித்தோம் அல்லவா? கோல்ஃபில் மிக அதிக தூரம் அனுப்பும் 'டிரைவர்' ஸ்டிக்கின் சாய்வு சுமார் 10 டிகிரிதான்! 45 டிகிரி சாய்வுள்ள வெட்ஜில் அடித்தால் பந்து உயரமாகப் போய்ப் பக்கத்தில் விழுகிறது. பாடம் பொய்யா? இல்லை. பாடத்தில் காற்றை விட்டுவிட்டோம், வேகம் ஒன்றேதான் என்றும் வைத்துக்கொண்டோம். இங்கே சாய்வு கூடக் கூட அடி பந்தின் மீது நேராக விழாமல் உரசிக்கொண்டு போகிறது, வேகம் குறைகிறது. இன்னொன்று, ஸ்டிக்கின் சாய்ந்த முகம் பந்தைப் பின்பக்கமாகச் சுழல வைக்கிறது. அப்படிச் சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தூக்குகிறது. அதனால் தாழ்வாகக் கிளம்பின பந்தும் கீழே விழாமல் மிதந்து போகிறது. இந்தப் பின்சுழற்சியின் வேலையை 1890-களில் ஆராய்ந்து எழுதியவர் எடின்பரோ இயற்பியல் பேராசிரியர் டெய்ட். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். அப்பா கணக்குப் போட, மகன் அடித்திருக்கிறார்!

பந்தின் மேல் இருக்கும் சின்னக் குழிகள் அழகுக்கு இல்லை. பெரும்பாலான பந்துகளில் 300 முதல் 400 வரை இருக்கும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த வழவழப்பான பந்துகள் வந்தன. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறப்பதை ஆடுபவர்களே கவனித்துவிட்டு, புதுப் பந்திலும் வேண்டுமென்றே கீறல் போட்டார்கள். குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தைச் சீக்கிரம் விட்டுப் பிரியாததால் பின்னால் இழுக்கும் விசை குறைகிறது. வழவழப்பான பந்து ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் மெலிவு. அதே அடிக்கு அங்கே கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும்.

காட்டெருமை பற்றி எழுதாவிட்டால் திட்டுவீர்கள். ஆமாம், கொடைக்கானல் மைதானத்துக்குள் வந்து மேயும். கோல்ஃப் விதிப் புத்தகத்தில் ஆபத்தான விலங்குக்கென்றே ஒரு விதி இருக்கிறது. பாம்போ தேனீக்கூடோ பக்கத்தில் இருந்தால் தண்டனை அடி இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்தில் போட்டு ஆடலாம். காட்டெருமைக்கும் அதே விதிதான். விதி இல்லாவிட்டாலும் நான் அங்கே போக மாட்டேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது எண்ணிக்கைதான். மற்ற ஆட்டங்களில் அம்பயர் விரலைத் தூக்குவார், ரெஃபரி விசில் அடிப்பார். கோல்ஃபில் பெரும்பாலும் கூட யாரும் வருவதில்லை. தன் அடியைத் தானே எண்ண வேண்டும். அடிக்க வீசி, பந்தில் படாமல் காற்றில் போனாலும் ஓர் அடி. அடிப்பதற்கு முன் புல்லில் கிடக்கும் பந்தை ஸ்டிக் தட்டி நகர்த்திவிட்டால் ஓர் அடி தண்டனை, பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். (கிரீனில் மட்டும் தெரியாமல் நகர்த்தினால் தண்டனை இல்லை. 2019-இல் மாற்றிய விதிகளில் அப்படி இருக்கிறது.)

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நாங்களே மூன்று குழி தோண்டி, சித்தப்பா மகளும் நானும் ஆடினோம். ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். கடைசிக் குழி. அவள் முடித்ததும் நான் "நாலு" என்று நோட்டில் எழுதப் போனேன். "அஞ்சுண்ணே" என்றாள். "மேல புல்லுக்குள்ள ஸ்டிக் பட்டு பந்து நகந்துருச்சு. திருப்பி வச்சுதான் அடிச்சேன். நீ பாக்கல." நான் மட்டுமா, யாருமே பார்க்கவில்லை. அந்த ஓர் அடியில் நான் ஜெயித்தேன். ஜெயித்த சந்தோஷம் பாதிதான் வந்தது.

ராத்திரி இதைச் சொன்னதும் சித்தப்பா பாபி ஜோன்ஸ் கதையைச் சொன்னார். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டி. புல்லுக்குள் ஜோன்ஸின் பந்து துளி நகர்ந்தது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவரே சொல்லித் தண்டனை அடி போட்டுக்கொண்டார். நான்கு சுற்று முடிவில் வில்லி மெக்ஃபார்லேன் என்பவரும் அவரும் சமம். பிறகு நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அந்தத் தண்டனை அடி இல்லாவிட்டால் கூடுதல் ஆட்டமே நடந்திருக்காது, கோப்பை அவருக்கே. நம்ம பெங்களூரு அதிதி அசோக் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது வந்ததும் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில்தான். ஓர் அடிக்கு அவ்வளவு விலை உள்ள ஆட்டத்தில் நம் அடியை எழுதும் பொறுப்பை நம்மிடமே கொடுத்திருக்கிறார்கள்.

இனி என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். பணக்காரர் விளையாட்டுதான், மறுக்கவில்லை. நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், உறுப்பினர் கட்டணம் நம் வீடுகளுக்கு எட்டாது. கிரீனின் ஒவ்வொரு சரிவையும் மனப்பாடமாகத் தெரிந்தவர் பை தூக்குகிறார், தெரியாதவர் ஆடுகிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அப்படியே இருந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. பெங்களூருவில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். கல்கத்தாவில் மைதானம் பராமரித்தவரின் மகன் சௌராசியா அதே போட்டியை 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்தார். சித்தப்பா இந்த இரண்டு பெயரையும் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

நம் பள்ளியில் 18 குழி நடக்காது. உருட்டுவது நடக்கும். எங்கள் வீட்டு சத்துமாவு டப்பாவை அளந்து பார்த்தேன், வாய் அகலம் 10 செ.மீ., கிட்டத்தட்ட நிஜக் குழிதான். வேப்பமரத்துப் பக்கம் அதைப் புதைக்க பி.டி. சாரிடம் கேட்டிருக்கிறேன், "பாக்கலாம்" என்றிருக்கிறார். பந்து நான்கு சித்தப்பா கொடுத்தார். பட்டருக்குப் பதிலாக உடைந்த ஹாக்கி ஸ்டிக் யார் வீட்டிலாவது இருந்தால் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொண்டுவந்து கொடுக்கவும். அடியை அவரவரே எண்ணிக்கொள்ள வேண்டும், நோட்டு மட்டும் நான் தருகிறேன்.