பாடம்: வானொலி அன்ரனா வயருக்குக் கனெக்டர் பொருத்துதல்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோளின்போது தொலைபேசிகள் செயலிழந்தன. அம்பாந்தோட்டையிலிருந்து அமெச்சூர் வானொலியாளர்களே சிற்றலை மூலம் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். கொக்கிளாய் போன்ற கரையோரக் கிராமத்துக்கும் அப்படியொரு வானொலி உதவும். ஆனால் இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக்காற்று முதலில் பழுதாக்குவது அன்ரனா வயரின் மூட்டைத்தான். அந்த மூட்டை நீங்களே சரியாகப் பொருத்தலாம்.

எதைத் தெரிவது?

• வானொலிக்கு 50 ஓம் வயர் வேண்டும். தொலைக்காட்சி வயர் 75 ஓம்; அதைப் பயன்படுத்த வேண்டாம்.
• 145 மெகாஹேட்ஸில் 10 வற் அனுப்பினால், 20 மீற்றர் நீளமான மெல்லிய ஆர்.ஜி-58 வயரின் மறுமுனைக்கு ஏறக்குறைய 4 வற்தான் போய்ச் சேரும். தடித்த ஆர்.ஜி-213 இல் ஏறக்குறைய 7 வற் சேரும்.
• வீட்டுக்குள் பி.எல்-259 கனெக்டர் போதும். அதற்குள் தண்ணீர் புகும். வெளியே, அன்ரனாவில் இடமிருந்தால், இறப்பர் வளையம் உள்ள 'என்' வகை நல்லது.
• கனெக்டர் வயரின் தடிப்புக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ஆர்.ஜி-58 இல் பி.எல்-259 பொருத்தச் சிறிய இடைக்குழாய் ஒன்றும் தேவை.

ஆர்.ஜி-213 இல் பி.எல்-259 பொருத்தும் முறை

1. திருகு வளையத்தை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். மறந்தால் முழு வேலையையும் திரும்பச் செய்யவேண்டும்.
2. நுனியிலிருந்து 28 மில்லிமீற்றர் வெளித்தோலை நீக்குங்கள். செப்பு வலையை வெட்டிவிடாதீர்கள்.
3. நுனியில் 16 மில்லிமீற்றருக்கு வலையையும் உள்ளேயுள்ள பிளாஸ்ரிக்கையும் நீக்கி, நடுக்கம்பியை வெளியே எடுங்கள். கம்பியில் கத்தி படக்கூடாது.
4. மீதி வலையில் மெல்லியதாக ஈயம் பூசுங்கள். கனெக்டரைத் திருகி ஏற்றுங்கள்.
5. பக்கத் துளைகள் வழியாக வலையையும், நுனியில் நடுக்கம்பியையும் ஈயத்தால் ஒட்டுங்கள். அதிக நேரம் சூடாக்கினால் உள்பிளாஸ்ரிக் உருகி இரண்டும் முட்டிக்கொள்ளும்.
6. இரு முனைகளையும் கழற்றி வைத்து மல்ரிமீற்றரால் பாருங்கள். நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. ஒரு முனையின் நடுக்கம்பி மறுமுனையின் நடுக்கம்பியுடன் தொடர்பில் இருக்கவேண்டும்.

மழையிலிருந்து காத்தல்

வெளி மூட்டைத் தானாக ஒட்டும் இறப்பர் ரேப்பால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி ரேப் சுற்றுங்கள். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கிடுகு வேய்வதும் அப்படித்தானே. அப்போது தண்ணீர் வழிந்தோடும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள்.

நினைவில் வைத்திருங்கள்

• அன்ரனா பூட்டாமல் வானொலியில் பேசவேண்டாம், கருவி பழுதாகும்.
• இடி மின்னல் வருமுன்னே வயரைக் கழற்றிவிடுங்கள். தொடங்கியபின் தொடவேண்டாம்.
• தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் அவசியம்.
• ஒவ்வொரு வருடமும் மாரிமழைக்கு முன் மூட்டைத் திறந்து பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிதாகப் பொருத்துங்கள். புயல் வந்தபின் இதைச் செய்ய நேரம் இருக்காது.