ஐசி இருந்தால்தான் ஓட்டா?

ஓட்டுப் போடப் போகும்போது அடையாள அட்டை காட்டணுமா? "இதுல என்ன கேள்வி, ஐசி இல்லாம யாரு விடுவா?" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022 நவம்பர் 19, 15ஆவது பொதுத் தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போட்டேன். மைகார்டை நீட்டினேன். பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசித்தார்கள். இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஓட்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பிரிட்டனில் படிக்கும் என் பெரியப்பா மகள் 2024 ஜூலையில் அங்கே ஓட்டுப் போட்டார். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறைப்படி அங்கே தங்கியிருந்தால் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். மலேசியக் கடப்பிதழைக் காட்டினாராம். "தம்பி, இங்க இது பெரிய சண்டைடா" என்றார் அக்கா. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

என்ன சண்டை?

பிரிட்டனில் நம்மைப் போல எல்லாருக்கும் தேசிய அடையாள அட்டை கிடையாது. இங்கிலாந்தில் நெடுங்காலமாகப் பெயரும் முகவரியும் சொன்னாலே போதும். 2022இல் தேர்தல் சட்டம் மாறியது. 2023 மே உள்ளாட்சித் தேர்தலில்தான் புகைப்பட அடையாளம் முதன்முறையாகக் கட்டாயமானது.

ஆதரிப்பவர்கள் சொல்வது: ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் ஓட்டுப் போட்டால் பிடிப்பது கஷ்டம். வட அயர்லாந்தில் 2003 முதலே இந்த விதி இருக்கிறது, அங்கே தேர்தல் நடக்காமலா போய்விட்டது?

எதிர்ப்பவர்கள் சொல்வது: அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் 2023 தேர்தலில் சரியான அட்டை இல்லாததால் ஏறக்குறைய 14,000 பேர் ஓட்டுப் போட முடியாமல் போனார்கள் என்று தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. இன்னொன்று: லண்டனில் 60 வயதைக் கடந்தோரின் பயண அட்டை செல்லும், 18 வயது மாணவரின் பயண அட்டை செல்லாது! அரசாங்கம் இலவசச் சான்றிதழ் தருகிறது. ஆனால் அது இருப்பது தெரிந்து, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டறையில் கற்ற பாடம்

பொறியியல் வகுப்பில் தரச் சோதனை பற்றிப் படிக்கிறோம். எந்தச் சோதனையிலும் இரண்டு தவறு நடக்கலாம். கெட்ட பொருளை உள்ளே விடுவது ஒன்று. நல்ல பொருளைத் தூக்கிப் போடுவது இன்னொன்று. சோதனையை இறுக்கினால் முதல் தவறு குறையும், இரண்டாவது கூடும். ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு "சோதனை சூப்பர்" என்று அறிக்கை எழுதினால் விரிவுரையாளர் சும்மா விடமாட்டார். வாக்குச்சாவடிக்கும் இதே கணக்குதான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் இரண்டாவது தவறு சத்தமே போடாது.

நம் கதை

நம் நாட்டில் ஏன் இந்தச் சண்டை இல்லை? 12 வயதிலேயே மைகார்டு கிடைக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் தானாகவே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்கிறது. ஆக, நம் கதவு சாவடியில் இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே, பதிவு இலாகாவில் இருக்கிறது.

அந்தக் கதவில் நின்றுவிட்டவர் என் பாட்டி. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை. இன்றும் சிவப்பு ஐசிதான். குடியுரிமை இல்லாததால் ஓட்டும் இல்லை. அன்று நாங்கள் ஓட்டுப் போட்டு வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். என் விரலைப் பிடித்துப் பார்த்து, "இந்த மை எத்தன நாளுக்கு இருக்கும்யா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

என் முடிவு இதுதான்: அடையாளம் கேட்பது தப்பில்லை. ஆனால் கேட்கிற அரசாங்கம், அந்த அட்டை தகுதியுள்ள ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்வதைத் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பங்குக்கு, தொலைந்த மைகார்டை உடனே மாற்றுவோம். அக்கம்பக்கத்தில் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், பெற்றோரோடு இலாகாவுக்குத் துணையாகப் போவோம்.

கலந்து பேச:
1. இரண்டு தவறுகளில் எது பெரியது? ஏன்?
2. அட்டை மறந்து வந்தவரை எப்படி நடத்தலாம்?
3. உங்கள் வீட்டில் எல்லாரிடமும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? இன்றே கேட்டுப் பாருங்கள்.