பாரத்தின்கீழ் நிலைத்திருத்தல்

வேதபகுதி: ரோமர் 5:1-5, 2 கொரிந்தியர் 12:7-10





இங்கே மன்னார்புரம் நாற்சந்தியில் சென்னைக்கும் மதுரைக்கும் போகிற வாகனங்கள் இரவும் பகலும் ஓய்வதில்லை. விபத்தில் முதுகுத்தண்டு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களின் கட்டிலருகே நிற்கும்போது, என்ன சொல்வதென்று எங்களுக்கே தெரிவதில்லை. ஆனால் பழங்களோடு பார்க்க வருகிற சில விசுவாசிகளுக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது: விசுவாசம் இருந்தால் எழும்பி நடப்பீர்கள்! சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். படுத்திருப்பவரோ, நடக்க முடியாத துக்கத்தோடு, தமக்கு விசுவாசமும் இல்லைபோலும் என்ற இரண்டாவது துக்கத்தையும் சுமக்கிறார்.

பவுல் அப்போஸ்தலன் எழுதின வரிசையைக் கவனியுங்கள். உபத்திரவத்திலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை, அதற்குப் பிறகே நம்பிக்கை. இந்தப் பரீட்சை பள்ளிக்கூடத்துப் பரீட்சை அல்ல. உரைகல்லில் தேய்த்துப் பார்த்த பொன்னைப்போல மெய்யென்று விளங்கின தன்மையையே கிரேக்கச் சொல் குறிக்கிறது. பொறுமைக்கு அவர் எழுதின சொல்லோ, பாரத்தின்கீழ் விலகாமல் நிலைத்திருப்பது என்னும் பொருளுடையது. தமிழிலும் பொறுத்தல் என்றால் சுமத்தல்தானே! கைகட்டிக் காத்திருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இரண்டாம் வசனத்திலேயே தேவமகிமையின் நம்பிக்கை வருகிறதே என்று சிலர் கேட்கலாம். வருகிறது, அது கிருபையாய்க் கொடுக்கப்பட்டது. ஆனால் அது ஒரு மனுஷனுக்குள் வேரூன்றுவதற்கு இந்த நீண்ட வழி இருக்கிறது. முதல் நாளிலேயே அதை நோயாளியிடம் கேட்பது நியாயமல்ல.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணிசெய்துகொண்டிருந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் அந்த வழியில் நடத்தப்பட்டவர். 1954 ஜனவரியில் அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகத்திலும் காயம், இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. அறுவைச் சிகிச்சைகளும் நீண்ட படுக்கையும் கடந்து சக்கர நாற்காலியில் உட்கார முடிந்தபோது, டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வேலையைக் காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அது. உட்கார்ந்தபடியே செய்யலாம்! அப்படியே செய்தார். தம் கால்களில் உணர்வில்லாத டாக்டர், கைகளில் உணர்வில்லாதவர்களுக்கு விரல்களைத் திரும்பக் கொடுத்தார். வலி தெரியாத இடத்தில் புண் எப்படி வரும் என்று அவருக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

பின்பு ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் தாமே சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். ஊர் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை ஏற்று நடத்தினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். விபத்துக்குப் பின் 32 வருஷங்கள். ஒரு நாளும் அவர் எழும்பி நடமாடும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

விசுவாசம் குறைந்தவர் என்று அவரைப்பற்றி யார் சொல்லுவார்? பவுலும் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, தினமும் ஜெபிக்கிறோம். சுகமாகாதவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்கிறோம்.

இன்னும் ஒன்று. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். வீட்டுக்குப் போனபின் அதைச் செய்கிறவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவர்களுடைய பெயர் நோயாளியின் சீட்டில் இருக்காது. இந்த மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில், நள்ளிரவு 12 மணிக்கும், 2 மணிக்கும், 4 மணிக்கும் அலாரம் வைத்து எழும்புகிற அந்தச் சகோதரிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.