சிங்கப்பூருக்குப் பக்கம் திருச்சியா, சென்னையா?

ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரத்தில் சிங்கப்பூர் டிக்கெட் போடும்போது தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “திருச்சி தெக்கால இருக்கு, அங்கேருந்து சிங்கப்பூர் கிட்ட.” வானத்தில் அளந்தால் கதை வேறு. சென்னையிலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. திருச்சியிலிருந்து சுமார் 2,980. சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருப்பதைவிடக் கிழக்கேதான் அதிகம் தள்ளியிருக்கிறது. சென்னையோ திருச்சியைவிட ஏறக்குறைய ஒன்றரை பாகை கிழக்கே இருக்கிறது.

அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம். அந்த 60 கி.மீ. விமானத்துக்கு நாலைந்து நிமிடம். விருத்தாசலத்திலிருந்து ரயிலில் திருச்சி சுமார் 125 கி.மீ., எழும்பூர் சுமார் 215. நம் ஊர்க்காரருக்குத் திருச்சி வசதி என்றால் அது தரைவழிக் கணக்கினால்தான்.

“போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது ரெண்டே மணி நேரம்” என்பது அடுத்தது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் அப்படித்தான். இரவு 1 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8 மணிக்கு இறங்குவதாக இருந்தால், ஏழில் இரண்டரையைக் கழியுங்கள். நாலரை மணி நேரம். திரும்பும்போது 9.00 புறப்பாடு, 10.45 வருகை என்றிருந்தால் இரண்டரையைக் கூட்டுங்கள், நாலே கால்.

பூமி சுற்றுவதால் மேற்கே வரும் விமானம் சீக்கிரம் வந்துவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். நேரத்தைக் கூட்டிக் குறைப்பது மேலடுக்குக் காற்றின் ஓட்டம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். 1958-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. சில நிமிடம் கூடலாம்.

சென்னை–திருச்சி 290 கி.மீ.க்கு ஏன் ஒரு மணி நேரம்? டிக்கெட் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறுவதும், இறங்க வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம்.

இதையெல்லாம்விடப் பணத்தைப் பறிக்கும் தவறு தேதியில் இருக்கிறது. டிக்கெட்டில் “15-ஆம் தேதி 00.40” என்றிருந்தால் அது 14-ஆம் தேதி ராத்திரி படுக்கப் போகும் நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். ஆகவே 14-ஆம் தேதி மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறிவிடுங்கள்.