ஏற்றப் பாட்டை இளக்கிப் பாடுதல்: விழுப்புரம் வட்டாரப் பாடல்களும் ஜாஸ் நடையும்

நாட்டுப்புறப் பாடலை ஜாஸ் சாயலில், தணிந்த குரலில், மட்டான வேகத்தில் பாடுவது என்றால் பம்பையையும் உடுக்கையையும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் பியானோவை வைப்பது என்றே பலரும் கொள்கின்றனர். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் தாலாட்டையும் இவ்வாறு பாடிப் பார்த்ததில், கருவியை மாற்றுவது இவ்வேலையின் கடைசிப் படி என்பதும், பாட்டு எந்த இடத்தில் தன் எடையை இறக்கி வைக்கிறது என்பதைக் கண்டுகொள்வதே முதற்படி என்பதும் தெளிவாகின்றன. ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரை மையமாகக் கொண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவான இசை. கொடுத்த மெட்டை அச்சுப் பிசகாமல் பாடாது, அதன் சுரங்களையும் கால அளவையும் அந்தந்த வேளைக்கேற்ப நெகிழ்த்திப் பாடுவது அதன் உயிர்நிலை.

இம்முயற்சிக்கு உலக அளவில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்கக் கிராமிய இசையில் பெரும்புகழ் பெற்ற ஹாங்க் வில்லியம்ஸின் 'கோல்டு, கோல்டு ஹார்ட்' என்னும் பாடலை 1951இல் டோனி பென்னட் நகரத்து மெல்லிசையாகப் பாடினார். 1962இல் ரே சார்லஸ் அத்தகைய பாடல்களைத் திரட்டி, பெரிய வாத்தியக் குழுவோடும் நரம்பிசையோடும் ஒரு முழு இசைத்தட்டையே வெளியிட்டார். பண்டிட் ரவிசங்கரின் மகளான நோரா ஜோன்ஸ் 2002இல் அதே ஹாங்க் வில்லியம்ஸ் பாடலை மிகச் சில கருவிகளோடு, ஏறத்தாழப் பேச்சுக் குரலில் பாடினார். இம்மூன்றில் நம் வேலைக்கு மிகவும் பயன்படுவது நோரா ஜோன்ஸின் வழியே ஆகும். ஏனெனில் அதில் சேர்த்தது குறைவு, விட்டுவைத்தது அதிகம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அங்குள்ள பாடல்களுக்கு இயற்றியவர் பெயரும் பதிவான மெட்டும் உண்டு. இங்குள்ளவையோ வேலையிலும் சடங்கிலும் பிறந்து, வாய்க்கு வாய் மாறி வந்தவை. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' போன்ற தொகுப்புகளில் சொற்கள் கிடைக்கின்றன; மெட்டுக்கு ஊர்க்காரர்களின் வாயையே நாட வேண்டியிருக்கிறது.

ஏற்றப் பாட்டை எடுத்துக்கொண்டால் எடை என்னும் சொல்லின் பொருள் விளங்கும். ஏற்றம் என்பது கிணற்றின் மேல் அமைந்த துலாமரத்தில் ஆள் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே நிற்பவர் கோலைப் பிடித்துச் சால் என்னும் நீர்க்கலத்தை இறக்கி, நீர் நிறைந்து மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்க்கும் பழைய இறைவை முறை. பாட்டு இறைப்பவரின் களைப்பை ஆற்றுவதோடு இறைத்த சால்களின் எண்ணிக்கையையும் வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பாட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவே வருகிற இடைவெளி வெறுமை அன்று. அங்கே தண்ணீர் கவிழ்கிறது. ஏற்றக்காரர் ஓர் அடியைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட, அதன் அடுத்த அடியைத் தாமாக ஊகிக்க இயலாத கம்பர் மறுநாள் விடியும்வரை காத்திருந்தார் என்று வழங்கும் கதையின் உண்மை எவ்வாறாயினும், இவ்வகைப் பாட்டு காத்திருப்பால் ஆனது என்பதைத் தமிழ் மரபு அறிந்தே வைத்திருக்கிறது. இக்கட்டுரையாளரின் தொடக்க முயற்சிகளில் நேர்ந்த பெரும்பிழை இங்கேதான்: ஒவ்வோர் இடைவெளியையும் பியானோவின் குழைவான ஓட்டங்களால் நிரப்பியதில் பாட்டு இனிமையாகவே ஒலித்தது, ஆனால் சால் கவிழும் முன்பே அடுத்த சாலை இறக்கிவிட்டது போன்ற மூச்சுத்திணறல் அதில் இருந்தது. பின்னர் இடைவெளியின் முதல் பாதியில் அனைவரும் கை எடுத்துவிடுவது என்றும், பின்பாதியில் தாழ்சுரக் கருவியான டபுள் பேஸ் மட்டும் ஒரே ஒரு சுரத்தை மீட்டுவது என்றும் வகுத்தபோது பாட்டு நின்று நடந்தது.

தாளத்தைப் பொறுத்தவரை, ஜாஸின் 'சுவிங்' என்னும் அசைவைத் தமிழ்ப் பாடகர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஒரு தட்டை இரு சம பாகமாகப் பிரிக்காமல், முதற்பாகத்தை நீட்டி இரண்டாம் பாகத்தைக் குறுக்குவதே சுவிங். நிதான வேகத்தில் அது திசிர நடையை, அதாவது ஒரு தட்டுக்கு 'தகிட' என மூன்று எழுத்து விழும் நடையை, நெருங்கி, முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதை மட்டும் தனியே விடுவதுபோல் அமைகிறது. நடவுப் பாட்டிலும் தாலாட்டிலும் இந்தத் 'தகிட' நடை மிகுதியாக வருவதால், மெட்டைச் சிதைக்காமலே அதை ஜாஸ் நடைக்குள் கொண்டுவர முடிகிறது. வேகம் கூடக்கூட அந்த நீட்டலும் குறுக்கலும் சமனாகிவிடும் என்பதால், நடவுப் பாட்டின் இயல்பான வேகத்தில் சுவிங் செய்ய முற்படுவது பெரும்பாலும் பலிப்பதில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பாடகரைத் தட்டுக்குச் சற்றுப் பின்தங்கிப் பாடவிட்டு, டிரம் வாசிப்பவரைக் குச்சிக்குப் பதிலாகக் கம்பித் தூரிகையால் தோலைத் தேய்க்கச் சொல்வதே பயன் தந்தது.

அடுத்தது சுருதி. தெருக்கூத்தின் தெற்கத்திப் பாணி வேரூன்றிய இம்மாவட்டத்தில், செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் விடிய விடியத் திறந்த வெளியில் பாடும் கூத்துக் கலைஞர்கள் முகவீணையின் கூர்மையான ஒலியையும் தாண்டிக் கேட்க வேண்டியிருப்பதால் மிக உயர்ந்த சுருதியில் பாடுகின்றனர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்லும் வழக்கப்படி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பவை அங்கே இயல்பானவை. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா உச்சத்தில் பாடியதும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் தேவையே. ஒலிவாங்கி வந்த பின்னரே அமெரிக்காவில் பிங் கிராஸ்பியைப் போலவும், தமிழ்த் திரையில் ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரைப் போலவும் காதருகே பேசுவது போன்ற பாடுமுறை வாய்த்தது. எனவே கூத்துப் பாட்டை இளக்க விரும்புவோர் ஆண் குரலானால் ஒன்றரைக் கட்டை வரை துணிந்து இறக்கலாம். ஆனால் உயரத்தில் பாடும்போது தொண்டையில் ஏறுகிற அந்த உடைசல் சுருதி இறங்கியதும் மறைந்துவிடும் என்பதால், பாட்டுக்கு ஓரிடத்திலேனும் மேல் சட்சத்தை முழுக்குரலில் தொடுவது நல்லது. இல்லையேல் கேட்பவர் உறங்கிவிடுவர், அதில் அவர்களைக் குறை சொல்ல இயலாது.

ஒத்திசைவு, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து மெட்டுக்குத் துணை நிறுத்துவது, இவ்வேலையில் மிகுதியாகப் பேசப்படுவதும் மிகுதியாகக் கெடுவதும் ஆகும். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராஜா கிராமத்து மெட்டும் மேற்கத்திய ஒத்திசைவும் ஒருங்கே வாழும் என்று காட்டியது உண்மை; எனினும் அவர் மெட்டையும் தாமே அமைத்துக்கொண்டார். ஊரில் பிறந்த மெட்டுக்குத் துணை தேடும்போது காந்தாரம் தொல்லை கொடுக்கிறது. கழனியில் பாடிப் பழகியவரின் காந்தாரம் பல வேளைகளில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் இழுபடுகிறது. ஜாஸ் மரபில் 'புளூ நோட்' என்று போற்றப்படும் வளைந்த சுரத்துக்கு இது நெருங்கிய உறவு. பியானோக்காரர் வழக்கமான கார்டை, அதாவது சுர அடுக்கை, பிடித்தால் அதிலுள்ள அசையாத காந்தாரம் பாடகரின் காந்தாரத்தோடு மோதி, பாடகர் அபசுரம் பாடுவதாகத் தோன்றச் செய்யும். அப்படிப்பட்ட பாட்டில் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு காந்தாரத்தைப் பாடகரிடமே விட்டுவிட வேண்டும். காந்தாரம் நிலையாக நிற்கும் மோகனச் சாயல் மெட்டுகளுக்கு வேறொரு வழி உண்டு: கீழிருந்து காந்தாரம், தைவதம், ரிஷபம், பஞ்சமம், மேல் சட்சம் என்று அடுக்கினால் ஒவ்வொரு சுரமும் தனக்குக் கீழ் உள்ளதற்குச் சரியாக மத்திமத் தொலைவில் அமைகிறது, மோகனத்தின் ஐந்து சுரங்களும் அந்த ஒரே அடுக்கில் அடங்க, அந்நியச் சுரம் ஒன்றுகூட நுழையாமலே ஜாஸின் திறந்த ஒலி கிடைத்துவிடுகிறது. விலையேறிய கார்டுகளைத் தேடி அலைவதைவிட இதை ஒரு மாலைப்பொழுதில் ஆர்மோனியத்தில் அமுக்கிப் பார்ப்பது பயன் மிக்கது.

சொற்களைத் திருத்தக் கூடாது. இவ்வட்டாரத்தில் வயல் கழனியாகவும், நிலக்கடலை மல்லாட்டையாகவும் வழங்குகின்றன. நகரத்துச் செவிக்காக மல்லாட்டையை நிலக்கடலையாக மாற்றினால், தேமாங்காய்ச் சீர் கருவிளங்காய்ச் சீராகி, 'லாட்' என்ற நெடிலில் பாடகர் சாய்ந்து நிற்பதற்கு இருந்த இடம் போய்விடும். தட்டுக்குப் பின்தங்கிப் பாடும் நடைக்கு அந்த நெடில்களே ஊன்றுகோல்.

எல்லாப் பாட்டும் இளகுவதற்கு உரியதும் அன்று. செஞ்சியை ஆண்டு 1714இல் போரில் வீழ்ந்த தேசிங்குராஜனின் கதைப்பாடலில் பிரிவையும் இரங்கலையும் பாடும் பகுதிகள் தணிந்த குரலுக்கு இடங்கொடுக்கின்றன. போர்ப் பகுதியோ அவ்வாறு பாடினால் கேலிக்கூத்தாகிறது. ஒப்பாரியை உணவகத்துப் பின்னணி இசையாக்குவது கலைப்பிழை மட்டும் அன்று, பண்புப்பிழையும் ஆகும். பறையைத் தூரிகைச் சத்தமாகத் தணிக்கும்போதும் இருமுறை எண்ண வேண்டும். அக்கருவியை இழிவென்று ஒதுக்கிய நாட்டில், அது உரக்க ஒலிப்பதற்கே ஒரு பொருள் உண்டு.

இசைஞர்களுக்குப் பஞ்சம் இல்லை. புதுச்சேரி அருகில் இருப்பதும், 1968இல் தோன்றிய ஆரோவில்லின் பெரும்பகுதி இம்மாவட்டத்து வானூர் வட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பதும், மேற்கத்திய இசை பயின்றவர்களைத் திண்டிவனத்துக் கூத்துக்காரரோடு ஒரே அறையில் அமர்த்துவதை எளிதாக்குகின்றன. அவ்வாறு அமரும்போது ஊர்ப் பாடகரை முதலில் துணைக்கருவி ஏதும் இல்லாமல் முழுப் பாட்டையும் பாடச் செய்து பதிவு செய்துகொள்வதும், பாட்டைத் தந்தவர் பெயரையும் ஊரையும் அவர் விருப்பப்படி வெளியீட்டில் பொறிப்பதும், வருவாய் வந்தால் பங்கு என்ன என்பதை அன்றே பேசி முடிப்பதும் நடைமுறையில் பல மனவருத்தங்களைத் தவிர்த்திருக்கின்றன.

பாட்டை எப்படி முடிப்பது என்பதில்தான் பெரும்பாலான ஒத்திகைகள் இழுபடுகின்றன. ஜாஸ் பாடகர்கள் கடைசி வரியை மும்முறை மடக்கிப் பாடி முடிப்பது வழக்கம். தாலாட்டுக்கு அது பொருந்தும், குரல் ஒவ்வொரு முறையும் தணிந்தால் போதும். ஏற்றப் பாட்டுக்கோ முடிவு என்று ஒன்று மெட்டில் இல்லை, எண்ணில்தான் இருக்கிறது. பாய வேண்டிய சால்கள் பாய்ந்ததும் பாட்டு நிற்கிறது. ஆகவே அந்தப் பாட்டில் மடக்கலும் வேண்டாம், மெல்லத் தேய்ந்து மறைவதும் வேண்டாம். கடைசி எண்ணைச் சொன்னதும் எல்லாக் கருவிகளும் ஒருங்கே கை எடுத்துவிடலாம்.