எக்ஸ்-கதிர்ப் படப் பணியும் அதற்குரிய பயிற்சியும்

பள்ளி இறுதி வகுப்பில் விஞ்ஞானப் பாடங்களைப் பயிலும் மாணவர் ஒருவர் மருத்துவத் துறையில் நுழைய விரும்பினால், அவர் எண்ணத்தில் முதலில் தோன்றுவது மருத்துவர் தொழிலாகும். அடுத்துத் தோன்றுவது செவிலியர் தொழிலாகும். மருத்துவ மனையின் ஒரு மூலையில், கனத்த கதவுக்குப் பின்னால், உடலின் உட்பகுதியைப் படம் பிடிப்பவரைப்பற்றி அவர் நினைப்பது அரிது. ஆயினும் எலும்பு முறிவு முதல் புற்று நோய் வரை இன்றைய மருத்துவர் செய்யும் முடிவுகளுள் மிகப் பல இவர் எடுத்துக் கொடுக்கும் படத்தையே நம்பியிருக்கின்றன. தமிழ் நாட்டு அரசு மருத்துவ மனைகளில் இவரை நுண்கதிர் வீச்சாளர் என்பர். பொது மக்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் என்றோ ரேடியோகிராபர் என்றோ அழைப்பர். இக்கட்டுரையில் இவரைச் சுருக்கமாக நுட்பாளர் என்று குறிப்பிடுவோம்.

தொடக்கத்திலேயே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நன்று. ரேடியாலஜிஸ்ட் என்பவர் மருத்துவப் பட்டமும் அதன்மேல் பட்ட மேற்படிப்பும் பெற்ற மருத்துவர். படத்தைப் பார்த்து நோய் இன்னதென்று கருத்துரைப்பது அவர் பொறுப்பு. நுட்பாளரின் பொறுப்பு, அக்கருத்துக்கு ஆதாரமாக நிற்கத்தக்க படத்தை, நோயாளிக்கு இயன்றவரை குறைந்த கதிர்வீச்சில் எடுத்துத் தருவதாகும். மாணவர்களுக்கு வழி கூறும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை முதலில் விளக்கிவிட்டால், பின்னர் ஏமாற்றத்திற்கு இடமிராது.

நிழலின் கணக்கு

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். 1901-இல் பௌதிகத்திற்கு அளிக்கப்பட்ட முதல் நோபல் பரிசு அவருக்கே உரியதாயிற்று. அக்கதிர்கள் தரும் படம், அடிப்படையில், ஒரு நிழலே அன்றி வேறன்று. கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவுகின்றன. எலும்பில் பெரும்பகுதி தடுக்கப்படுகின்றன. நிழல் என்று உணர்ந்த பின், நிழலுக்குரிய விதிகள் யாவும் இதற்கும் பொருந்தும் என்பது தானே விளங்கும்.

இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். இருட்டிய அறையில் ஒரு சிறு விளக்கைச் சுவரிலிருந்து 180 சென்டிமீட்டர் தொலைவில் வையுங்கள். விளக்குக்கும் சுவருக்கும் இடையே, சுவரிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, வட்டமாக வெட்டிய அட்டையொன்றைப் பிடியுங்கள். விளக்கிலிருந்து அட்டைக்கு 168 சென்டிமீட்டர். ஆதலின் நிழல் அட்டையைவிட 180-ஐ 168-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 7 விழுக்காடு பெரிதாகத் தெரியும். இப்பொழுது விளக்கைச் சுவருக்கு 100 சென்டிமீட்டர் அருகே கொண்டுவந்து, அட்டையைச் சுவரிலிருந்து 16 சென்டிமீட்டருக்கு நகர்த்துங்கள். நிழல் 19 விழுக்காடு பெருத்துவிடும். விளக்கின் சுடர் பெரிதாயின் நிழலின் ஓரமும் மங்கிப் போகும்.

விளையாட்டுப்போல் தோன்றும் இக்கணக்கில் ஒரு நோயாளியின் நலம் அடங்கியிருக்கிறது. இதயம் மார்பின் முற்பகுதியில் அமைந்துள்ளது. நோயாளி தம் மார்பைப் படத்தகட்டின்மீது பொருத்தி நிற்க, முதுகுப் புறமிருந்து 180 சென்டிமீட்டர் தொலைவில் கதிரைச் செலுத்தினால், இதயம் தகட்டுக்கு அண்மையில் இருப்பதால் அதன் நிழல் ஏறக்குறைய உண்மை அளவில் விழுகிறது. அதே நோயாளியைப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் தகட்டை வைத்து, மேலிருந்து குறைந்த தொலைவில் படம் எடுத்தால், நலமான இதயமும் வீங்கியதுபோல் தோன்றும். நிற்க இயலாத நோயாளிக்கு இரண்டாம் முறையையே கையாள வேண்டி வரும். அப்பொழுது அம்முறையில் எடுத்தது என்பதைப் படத்தின்மேல் தவறாது குறித்தல் வேண்டும். குறிப்பு விடுபட்டால், இல்லாத நோய்க்கு மருந்துண்ணும் நிலை ஒருவருக்கு ஏற்படக்கூடும்.

மூச்சை நன்கு உள்ளிழுத்து நிறுத்தச் சொல்வதும், தோள்களை முன்னோக்கி வளைக்கச் செய்வதும், வலம் இடம் காட்டும் எழுத்தைத் தகட்டில் வைப்பதும் இத்தகையனவே. தோள்களை வளைக்காவிடில் தோட்பட்டை எலும்புகள் நுரையீரலின்மீது நிழலாகப் படிந்து, அங்குள்ள சிறு புண்ணை மறைத்துவிடும். மூச்சு முழுமையாக இழுக்கப்படாவிடில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, நோயுற்றதுபோல் வெண்மையாகத் தோன்றும். காது கேளாத முதியவரிடமும் அழும் குழந்தையிடமும் இவற்றைச் செய்வித்தல் எந்திரத்தை இயக்குவதைவிடக் கடினம் என்பதை அனுபவமுடைய நுட்பாளர் எவரும் ஒப்புக்கொள்வர்.

களப் பணியாளர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. நம் நாட்டில் 1955 முதல் 1958 வரை நடந்த காச நோய் மாதிரி ஆய்வில் சிறு அளவு மார்புப் படங்கள் பேரளவில் எடுக்கப்பட்டன. 2019-க்கும் 2021-க்கும் இடையே நடந்த தேசிய ஆய்விலும் மார்புப் படம் இடம் பெற்றது. நோயுள்ளவரென ஆய்வகச் சோதனையால் உறுதியானவர்களுள் சுமார் 43 விழுக்காட்டினர், இருமல், காய்ச்சல் முதலிய அறிகுறிகளை மட்டும் கேட்டறிந்திருந்தால் தப்பிப் போயிருப்பர்; மார்புப் படமே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்-கதிர்ப் பெட்டிகள் இப்பொழுது கிராமங்களுக்கே கொண்டு செல்லப்படுகின்றன. அவற்றை இயக்குபவர் மார்பைத் தகட்டில் பொருத்தும் முறையை அறியாதவராயின், பெட்டி சென்றும் பயன் குறைவே.

காணாத கதிரும் அதற்குரிய காவலும்

எக்ஸ்-கதிர் கண்ணுக்குப் புலனாகாது, சூடும் தெரியாது. முதல் தலைமுறையினர் அதன் தீங்கை உணராமல் தம் கைகளையே வைத்துக் கதிரைச் சோதித்தனர். எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் அவ்வாறு கைகளை இழந்து, 1904-இல் உயிரும் துறந்தார். இன்று நிலைமை முற்றிலும் வேறு. ஒரு மார்புப் படத்தால் நோயாளி பெறும் அளவு ஒரு மில்லிசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் பெரும்பாலும் குறைவு. உலகில் ஒருவர் இயற்கையாகவே ஓராண்டில் பெறும் சராசரி அளவோ 2.4 மில்லிசீவர்ட். (மோனசைட் மணல் நிறைந்த கொல்லம், குமரிக் கடற்கரைகளில் இது இன்னும் மிகுதி.) வயிற்றுக்குச் செய்யும் சி.டி. ஸ்கேன் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை சேரலாம். எனவே அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா.

பணியாளருக்குரிய காவல்கள் மூன்று: கதிரருகே நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், ஈயம் போன்ற தடுப்பை இடையே வைத்தல். இவற்றுள் செலவில்லாதது தொலைவேயாகும். தொலைவு இரு மடங்காயின் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகவும், மூன்று மடங்காயின் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். நடமாடும் எந்திரத்தால் வார்டில் படம் எடுக்கும்பொழுது இரண்டு அடி பின்வாங்கி நிற்பது எத்துணைப் பயன் தரும் என்பதை இக்கணக்கே கூறும்.

நுட்பாளர் தம் மார்பில், ஈய மேலங்கிக்கு உட்புறமாக, டி.எல்.டி. பாட்ஜ் எனப்படும் சிறு பட்டையை அணிகிறார். அதனுள் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெப்லானுடன் சேர்த்துச் செய்த மூன்று வட்ட வில்லைகள் உள்ளன. கதிர் படும்பொழுது அவை சக்தியைத் தம்முள் தேக்கி வைத்து, பின்னர் ஆய்வகத்தில் சூடேற்றப்படும்பொழுது ஒளியாக வெளிவிடுகின்றன. ஒளியின் அளவே அவர் பெற்ற கதிரின் அளவு. நம் நாட்டில் பழைய பிலிம் பட்டைகளுக்கு மாற்றாக இம்முறை 1975 முதல் புகுந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள வரம்பின்படி, ஒரு பணியாளர் ஐந்து ஆண்டுகளின் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டும் மிஞ்சலாகாது. பெண் பணியாளர் தாம் கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பின், எஞ்சிய காலத்தில் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதவாறு அவர் பணியை மாற்றியமைத்தல் நிர்வாகத்தின் கடமை. கருவுற்றதை மறைத்தல் எவ்வகையிலும் நன்மை தராது. பட்டையை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டுப் பணி செய்பவரும் உளர். அவர் கணக்கில் கதிர் ஏறாது, உடலில் ஏறும்.

டிஜிட்டல் முறை வந்த பின் நுணுக்கமான ஓர் இடையூறும் வந்துள்ளது. பிலிம் காலத்தில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துப் பாழாகும். தவறு உடனே கண்ணில் படும். இப்பொழுது கதிர் மிகுந்தாலும் கணிப்பொறி அதனைச் சரிசெய்து அழகிய படத்தைக் காட்டிவிடுகிறது. குறைந்தாலோ படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஆகவே இயக்குபவர் மனம் சிறிது சிறிதாக மிகுதியின் பக்கமே சாய்கிறது. இதனைத் தடுப்பது படிப்பறிவன்றி எந்திரமன்று.

பயிலும் வழிகள்

மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவற்றைப் பயின்றவர் இத்துறையில் சேரலாம். பட்டயப் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டு. இளம் விஞ்ஞானப் பட்டம் மூன்று அல்லது நான்கு ஆண்டு, பெரும்பாலும் மருத்துவ மனைப் பயிற்சியும் சேர்த்து. அதன்மேல் முதுகலை இரண்டு ஆண்டு. புது டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகமும், சண்டிகர் பட்ட மேற்படிப்பு நிலையமும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இத்துறையில் பயிற்சி தரும் நிலையங்களுட் சில. சென்னையில் 1934-இல் தொடங்கிய பர்னார்டு கதிரியல் நிலையம் நாட்டின் பழமையான கதிரியல் நிலையங்களுள் ஒன்று.

உடலமைப்பியல், உடலியங்கியல், கதிர்ப் பௌதிகம், எந்திர அமைப்பு, நோயாளியை நிலைப்படுத்தும் முறைகள், கதிர்ப் பாதுகாப்பு ஆகியன பாடங்கள். பௌதிகத்தில் ஆர்வமில்லாதவர் இதில் துன்புறுவர். கைவிரலுக்கு 50 கிலோவோல்ட் அளவில் போதுமானது வயிற்றுக்கு 70, 80 ஏன் வேண்டும் என்பதை மனப்பாடம் செய்தவர், வழக்கத்திற்கு மாறான பருத்த நோயாளி வந்தால் திகைப்பார். காரணம் அறிந்தவர் திகையார்.

நெடுங்காலம் இத்தொழிலுக்கு நாடு தழுவிய சட்ட அமைப்பு இல்லை. 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணை மற்றும் நலவாழ்வுத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம் அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. அதன்படி இணைத் தொழிலருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பும், நலவாழ்வுத் தொழிலருக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரப் பட்டப் படிப்பும் வேண்டும். கதிர்ப்பட நுட்பாளர், கதிர் மருத்துவ நுட்பாளர், அணு மருத்துவ நுட்பாளர் ஆகியோர் இச்சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றுள்ளனர். சில மாதப் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் விளம்பரங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

துறையின் கிளைகள்

பொதுப் படப் பிரிவில் சில ஆண்டு தேறியவர் சி.டி., எம்.ஆர்.ஐ., மார்பகப் படம், இதய இரத்தக் குழாய்ப் படம் ஆகியவற்றுள் ஒன்றில் தனித் திறன் பெறலாம். எம்.ஆர்.ஐ.-இல் எக்ஸ்-கதிர் இல்லை. ஆயினும் அபாயம் உண்டு. 1.5 டெஸ்லா காந்தம் புவியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவ மனையில் ஆக்சிஜன் உருளையுடன் அவ்வறையினுள் நுழைந்த ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாயிலில் நின்று ஒவ்வொருவரையும் வினவி உள்ளே விடுவது நுட்பாளர் பணியின் சிறு பகுதியன்று.

அல்ட்ராசவுண்டு பற்றி ஒரு சொல்: வேறு சில நாடுகளில் இது நுட்பாளருக்குரிய தனித் தொழில். நம் நாட்டிலோ கருவின் பாலறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணமாகக் கருவுற்ற மகளிருக்கு இச்சோதனை செய்வது உரிய தகுதியுடைய மருத்துவர்க்கே உரியது. இதை நம்பிப் படிப்பைத் தேர்தல் கூடாது.

புற்று நோய்ச் சிகிச்சைப் பிரிவில், நாளொன்றுக்கு 2 கிரே வீதம் முப்பது நாள் வரும் நோயாளியை, நாள்தோறும் அதே நிலையில் மில்லிமீட்டர் பிசகாது படுக்க வைப்பது கதிர் மருத்துவ நுட்பாளரின் வேலை. அணு மருத்துவப் பயிற்சிக்கு மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த கதிர் மருத்துவ மையம் பெயர் பெற்றது.

மருத்துவப் பௌதிகர் என்னும் பதவியை விரும்பும் மாணவரிடம் ஆசிரியர் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். அதற்குரிய பாதை வேறு: பௌதிகத்தில் பட்டமும் முதுகலையும் பெற்று, பின்னர் பாபா மையம் 1962 முதல் நடத்திவரும் கதிர்ப் பௌதிகப் பட்டயம் போன்றதை முடித்துப் பயிற்சியும் பெறல் வேண்டும், அல்லது அண்ணா பல்கலைக் கழகத்திலுள்ளது போன்ற மருத்துவப் பௌதிக முதுகலை பயில வேண்டும். நுட்பாளர் பட்டத்திலிருந்து அங்கே தாவுவது பொதுவாக இயலாது. பதினேழு வயதில் செய்யும் தேர்வே இதனை முடிவு செய்துவிடுகிறது.

சேரும் முன் நிலையத்தை நேரிற் சென்று காண்பது நல்லது. நாள்தோறும் நோயாளிகள் வரும் மருத்துவ மனை அதனுடன் இணைந்துள்ளதா, எந்திரங்களுக்கு ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ளதா, மாணவர் மார்பில் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வயதையும் கணக்கிடுங்கள். 18 நிறையாதவரைக் கதிர்ப் பணியில் அமர்த்துதல் விதிக்குப் புறம்பு. 16 நிறைந்தவர் பயிற்சி மாணவராக இருக்கலாமாயினும், 18 நிறையும்வரை அவருக்குரிய வரம்பு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட் மட்டுமே.